நான் வெளுத்த மூலை

காலை ஒன்பது மணிக்கும் விடியாமல் வானம் செங்கல் நிறத்திலேயே நின்றுபோன வருஷம் அது. ஊரே மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு நடந்த வருஷம். எங்கோ மலைக்காடுகள் எரிந்து, அந்தச் சாம்பல் கலிஃபோர்னியாவில், குபெர்டினோவில் எங்கள் வீட்டுக் கார் மேல் மாவு சலித்ததுபோல விழுந்து கிடந்தது. தேதி எனக்குத் தெரியாது. எழுதிவைக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் தேதி. எனக்கு நிறம் போதும். அந்த நிறத்தைச் சொன்னால் இந்த ஊரில் யாரும் வருஷத்தைச் சொல்லிவிடுவார்கள்.

இன்று காலை சத்யா மாதுளை உரித்தாள். உங்கள் மரத்துப் பழம்தான் அண்ணா. வேலியைத் தாண்டி எங்கள் பக்கம் சாய்ந்திருக்குமே, அந்தக் கிளையில் பழுத்தது. தோலைக் குப்பைக்கூடையில் போடப் போனவளைத் தடுத்து வாங்கி முகர்ந்தேன். அந்தத் துவர்ப்பு வாசனை ஏறியதும் உங்களிடம் பேசியே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது. "சொல்லுங்க மாமா, நான் டைப் பண்ணிக்கறேன், ஆனா கொஞ்சம் ஸ்லோவா" என்று மருமகள் லேப்டாப்பைத் திறந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். நான் சொல்கிறேன். நீங்கள் இருந்தபோது நமக்குள் மொழி இல்லை. இப்போது மொழி இருக்கிறது, நீங்கள் இல்லை.

அந்தச் செங்கல் வானத்து நாளில்தான் உங்களை முதலில் பார்த்தேன். தெருவிளக்குகள் அணையாமல் எரிந்தன. ஒரு குருவிச் சத்தம் இல்லை. மகன் ஒரு அறையில் மீட்டிங், சத்யா இன்னொரு அறையில் மீட்டிங். பயந்துபோய்ப் பின்பக்கத் தோட்டத்துக்கு வந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நீங்கள் கோடுபோட்ட பைஜாமாவோடு நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்து, இதென்ன கூத்து என்பதுபோலக் காட்டினீர்கள்.

"ஒலகம் முடியப் போகுதாட்ட இருக்குதுங்க" என்றேன்.

என்ன புரிந்ததோ, சிரித்தீர்கள். கையிலிருந்த மாதுளையை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை வேலிக்கு மேலே நீட்டினீர்கள். உலகம் முடியும்வரை இதைத் தின்றுகொண்டிருப்போம் என்று சொல்வதுபோல.

முத்துகளைத் தின்றுவிட்டுத் தோலை நான் எறியவில்லை. நாற்பது வருஷம் திருப்பூரில் சாயப்பட்டறையில் நின்றவன் மாதுளைத் தோலை எப்படி எறிவான்? வேலிக் கட்டை மேல் காயவைத்தேன். நீங்கள் தினமும் பழம் கொடுத்தீர்கள், நான் தினமும் தோலைக் காயவைத்தேன். எதற்கு என்று ஒருநாள் கைகாட்டிக் கேட்டீர்கள். சமையலறையில் அகலமான பாத்திரம் ஒன்றை எடுத்துத் தோலைக் கொதிக்கவைத்து, படிகாரம் போட்டு, என் வெள்ளைக் கைக்குட்டையை முக்கி எடுத்துக் காட்டினேன். நல்ல மஞ்சள்.

"மாமா! அது என் பாஸ்தா பாட்!" என்று சத்யா உள்ளிருந்து கத்தினாள்.

நீங்கள் கைக்குட்டையை வாங்கி முகத்தில் வைத்து முகர்ந்தீர்கள். அப்புறம் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனீர்கள். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் ஏந்தி ஒரு துணி கொண்டுவந்தீர்கள். வேலிமேல் விரித்தீர்கள். அதே வாசனை.

அப்படி ஒரு துணியை நான் அதுவரை தொட்டதில்லை. தரையில் விரித்துக் குடும்பமே சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற அளவு. கறுப்பு, சிவப்பு, நீலம், மஞ்சள், நான்கே நிறம். அதற்குள் ஒரு தோப்பே இருந்தது. எங்கள் பட்டறையில் மெஷின் ஒரு நிமிஷத்தில் ஓட்டித் தள்ளுவதை இங்கே யாரோ உள்ளங்கையால் குத்திக் குத்தி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஓரிடத்தில் சிவப்பு, கறுப்புக் கோட்டைத் தாண்டி மயிரிழை விலகியிருந்தது. அச்சுக்காரனுக்கு அன்று தும்மல் வந்திருக்கும். அந்தத் தும்மல்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

சனிக்கிழமை சான் ரமோனிலிருந்து உங்கள் மகள் நஸ்ரீன் வந்தாள். சத்யாவும் தோட்டத்துக்கு வந்தாள். வாயைக் கட்டிக்கொண்டு வேலிக்கு இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர். நான் சொல்வதைச் சத்யா இங்கிலீஷாக்குவாள், நஸ்ரீன் அதைப் பார்சியாக்குவாள். நீங்கள் சொல்வது அதே வழியில் திரும்பி வரும்.

"இது எங்கூரு மாங்காய்ங்க" என்று துணியில் விரலை வைத்தேன். "சேல பார்டர்ல எல்லாம் இதத்தான் போடுவாங்க."

நீங்கள் தலையை ஆட்டி மறுத்தீர்கள்.

"ஈரான்ல அவங்க ஊர் இஸ்ஃபஹான்ல மாமரமே கிடையாதாம் மாமா" என்றாள் சத்யா. "இது சைப்ரஸ் மரமாம். காத்துக்குத் தலையைக் குனிஞ்சு நிக்குதாம், ஆனா ஒடியாதாம்."

"மரம்னா வேரு எங்க? கேளு கண்ணு."

கேட்டாள். பதில் வந்தது.

"மாங்காய்னா காம்பு எங்கேன்னு கேக்கறார்."

"பறிச்சாச்சுன்னு சொல்லு."

நீங்கள் சிரித்த சிரிப்பில் முகமூடி மூக்கிலிருந்து நழுவிவிட்டது. நஸ்ரீன் பதறிப்போய், "பாபா, மாஸ்க்!" என்றாள்.

அன்றுதான் உங்கள் அப்பாவைப் பற்றித் தெரிந்துகொண்டேன். இஸ்ஃபஹானில் பெரிய சதுக்கத்தின் பின்னால் கடைத்தெருவில் அவருக்குத் துணி அச்சுப் பட்டறை. பேரிமரக் கட்டையில் அச்சு வெட்டுவார்களாம். கறுப்புக்கு ஒரு ஆள், சிவப்புக்கு ஒரு ஆள், நீலத்துக்கும் மஞ்சளுக்கும் வேறு வேறு ஆள். ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைப்பதில்லையாம். அந்த நான்கு பேரும் குத்துகிற சத்தத்தில்தான் சின்ன வயதில் மத்தியானம் தூங்குவேன் என்று வேலிக் கட்டையில் குத்திக் காட்டினீர்கள். பின்னாளில் மருந்துக்கடை வைத்துப் பிழைத்தாலும் உங்கள் கைக்கு அந்தத் தாளம் மறக்கவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் கரையிலிருந்து கப்பலில் போன துணிகளைப் பார்த்து உங்கள் ராஜாக்கள் மயங்கிப்போய், அரண்மனைப் பக்கத்திலேயே பட்டறைகள் வைத்தார்களாம். "துணி உங்களுது, பேர் எங்களுது" என்றீர்கள். கலம் என்றால் உங்கள் மொழியில் எழுதுகோலாம். கலம்காரி என்றால் எழுதுகோலால் செய்கிற வேலையாம். உங்கள் ஜனங்களுக்குத் துணியானாலும் ஓடானாலும் செம்புத் தட்டானாலும் ஓரத்தில் நாலு எழுத்து ஓடினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தமாம். பாட்டு எழுதிய ஆளை ராஜாவைவிட உயரத்தில் வைத்திருப்பார்களாம். எழுத்துத் தெரியாத நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

அச்சடித்த துணியை ஆற்றில் அலசி, கரைக் கூழாங்கல்லில் காயப்போடுவார்கள் என்றீர்கள். இப்போது அந்த ஆற்றில் பல மாதம் தண்ணீரே இல்லை, பாலத்துக்கு அடியில் ஜனங்கள் நடந்து போகிறார்கள் என்றீர்கள்.

"எங்க நொய்யல்ல தண்ணி இருந்துச்சுங்க" என்றேன். "இன்னைக்குப் பட்டறையில என்ன கலருன்னு ஆத்தப் பாத்தே சொல்லிருவோம்."

சிரிப்புக்குச் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. நெஞ்சில் கை வைத்தீர்கள். நான்தான் அந்தச் சாயத்தைத் திறந்துவிட்டவர்களில் ஒருவன் என்று அப்போது சத்யாவை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அடுத்த புதன்கிழமை. இரண்டு பெண்களும் இல்லை. துணியை மறுபடி கொண்டுவந்தீர்கள். ஓரத்தில் ஓடிய எழுத்தைப் பார்க்கலாம் என்று நான் தூக்கிப் பிடித்தேன். நீங்கள் என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, தலைகீழாக இருந்ததை நேராகத் திருப்பிக் கொடுத்தீர்கள். படிக்கத் தெரியாதா என்று கண்ணாலேயே கேட்டீர்கள். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். கைநாட்டு.

உங்கள் முகம் மாறியது. ஏளனம் இல்லை. ஏதோ வேண்டியதைக் கண்டுபிடித்த முகம். அவசரமாகத் துணியின் ஒரு மூலையைத் தேடினீர்கள். உள்பக்கம் மடித்துத் தைத்திருந்த மூலை அது. மடிப்பைப் பிரித்துக் காட்டினீர்கள். அச்சு விழாத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு. கோடும் இழுப்புமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி, துருவேறிப் பழுத்த கறுப்பு. "மதர்" என்றீர்கள். கறுப்பைத் தொட்டீர்கள். என் கட்டைவிரலைத் தொட்டீர்கள். மறுபடி கறுப்பின் மேல் விரலை வைத்து இப்படியும் அப்படியும் தேய்த்துக் காட்டினீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அம்மாவின் துணி. மை கொட்டிக் கறையாகிவிட்டது. சாயக்காரன் நீ, இந்தக் கையால் எடுத்துத் தருவாயா?

துணியைச் சுட்டி, "ஒரு நாள் இருக்கட்டுங்களா?" என்று கைகாட்டினேன். நீங்கள் ஒரு கணம் நின்றீர்கள். அப்புறம் மடித்து, இரண்டு கையாலும் ஏந்தி, தலைகுனிந்து நீட்டினீர்கள். வாங்கிக்கொண்டேன். உங்கள் பக்கத்தில் ஒருவர் பொருளைப் பாராட்டினாலே அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டுவார்களாம், இரண்டு தரமாவது வேண்டாம் என்று மறுக்கவேண்டுமாம். எனக்கு அது தெரியாது. எங்கள் பக்கம், நீட்டினதை வாங்காமல் நிற்பதுதான் அவமரியாதை.

மறுநாள் வெயில் நன்றாக அடித்தது. இரும்பு சேர்ந்த கறுப்புக்கு எலுமிச்சைதான் எதிரி. ஆனால் அச்சுக் கறுப்பிலும் இரும்பு உண்டே, சாறு அங்கே பரவினால் தோப்பே போய்விடும். அதனால் மூலையைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டினேன். தோட்டத்து எலுமிச்சையைப் பிழிந்து, கல்லுப்பைத் தூவி, வெயிலில் வைத்தேன்.

சத்யா காபி எடுக்க வந்தவள் எட்டிப் பார்த்தாள். "மாமா, அவங்க பண்ணச் சொன்னாங்களா? பழைய துணி மாதிரி இருக்கே."

"அம்மாவோட துணியாம் கண்ணு. கறைய எடுத்துத் தரச் சொன்னாரு."

"ஷ்யூரா? நஸ்ரீனுக்கு மெசேஜ் பண்ணிக் கேக்கட்டுமா?"

"அந்தப் புள்ளகிட்ட எதுக்குக் கேக்கோணும்? நாப்பது வருசம் இதத்தான் பண்ணேன்."

நஸ்ரீனிடம் கேட்டிருந்தால் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன். ஒரு மெசேஜ். அரை நிமிஷம்.

மூன்று தரம் சாறு, மூன்று தரம் அலசல். கறுப்பு முதலில் பழுப்பானது, அப்புறம் தேன் நிறம், அப்புறம் வெள்ளை. கட்டை அவிழ்த்தால் நூல் கட்டிய கோட்டுக்கு வெளியே ஒரு பூவிதழ்கூட மங்கவில்லை. வாழ்நாளில் நான் செய்த வேலைகளில் அதைவிடச் சுத்தமான வேலை கிடையாது. இன்றும் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, பாருங்கள்.

சாயங்காலம் கொண்டுவந்து மூலையைப் பிரித்துக் காட்டினேன். நீங்கள் பார்த்தீர்கள். துணியை இன்னொரு பக்கம் திருப்பிப் பார்த்தீர்கள். வேறு மூலையோ என்று அந்த மூலையையும் பிரித்தீர்கள். மறுபடி முதல் மூலைக்கே வந்தீர்கள். அப்புறம் வலது கையை நெஞ்சில் வைத்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒரு வாக்கியம் சொன்னீர்கள். சனிக்கிழமை சத்யாவை விட்டு நஸ்ரீனிடம் அர்த்தம் மட்டும் கேட்டுக்கொண்டேன். "உங்கள் கை வலிக்காமல் இருக்கட்டும்." உழைத்தவருக்கு உங்கள் ஊரில் சொல்லும் நன்றியாம். அதைக் கேட்டு எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

ஆனால் ஒன்றைப் பார்த்தேன் அண்ணா. பார்த்ததை மறக்கமாட்டேன், புரிந்துகொள்ளத்தான் தெரியவில்லை. அன்று நீங்கள் டீ கொண்டுவந்தீர்கள். சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டுதானே நீங்கள் டீ குடிப்பீர்கள். அன்று கட்டி உங்கள் விரலிடுக்கிலேயே இருந்தது. டீ ஆறி மேலே ஆடை படிந்தது. நான் என் டீயைக் குடித்துவிட்டு, இன்னும் என்னென்ன கறை என்னென்னவற்றில் போகும் என்று உங்களுக்குக் கைகாட்டி விளக்கிக்கொண்டிருந்தேன்.

பங்குனி பிறந்து ஒரு வாரத்தில் உங்கள் புதுவருஷம். முதல் தடவையாக உங்கள் வீட்டுக்குள் அழைத்தீர்கள். அந்தத் துணியை விரித்து, முளைவிட்ட கோதுமை, பூண்டு, ஆப்பிள், காடி என்று ஏழு பொருள் பரப்பி, கண்ணாடி வைத்து, சுற்றி உட்கார்ந்தீர்கள். கோதுமை முளைத் தட்டை அந்த மூலையின் மேல் வைத்திருந்தீர்கள். நான் கறை எடுத்த வேலை மறைகிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. தட்டை ஒரு சாண் நகர்த்தி, மடிப்பைப் பிரித்து, வெள்ளை தெரியும்படி நீவிவிட்டேன். நீங்கள் நெஞ்சில் கை வைத்தீர்கள். நான்கு புதுவருஷம். நான்கு தரமும் தட்டை அங்கேதான் வைத்தீர்கள், நான்கு தரமும் நான் நகர்த்தினேன்.

உங்கள் கூடத்துச் சுவரில் சட்டம் போட்ட ஒரு தாள் தொங்கும். முழுக்கக் கறுப்பு அப்பியிருக்கும். "பேனாவ ஒதறுன தாளையெல்லாம் மாட்டி வெச்சிருக்காரு பாரு" என்று சத்யா காதில் சொன்னேன். அவள் கிள்ளினாள். நீங்கள் என்னவென்று கேட்க, "நல்லா இருக்காம்" என்று சொல்லித் தப்பித்தாள்.

புதுவருஷம் பிறந்ததும் இஸ்ஃபஹானுக்கு ஃபோன் போடுவீர்கள். உங்கள் அக்கா அங்கே இருந்தார். ஃபோனில் யார் யாரோ பேசுவார்கள், சிரிப்பீர்கள், வாழ்த்துவீர்கள். கடைசியில் ஒன்றைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பீர்கள். காதில் ஃபோன், கண் துணியின் மேல். அப்புறம் தலையை ஆட்டி வைத்துவிடுவீர்கள். அக்காவுக்குக் காது கேட்காது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். நான்கு வருஷமும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

போன தை மாதம் நீங்கள் போய்விட்டீர்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். நாற்பதாம் நாள் நஸ்ரீன் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டாள். பேரீச்சம்பழமும் அல்வாவும் வைத்து அந்தத் துணியை விரித்திருந்தாள். முப்பது பேர் இருப்பார்கள். எனக்கு உங்களைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது. எனக்கும் உங்களுக்கும் நடுவில் நடந்தது என்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"சத்யா, இந்த மூலையில கறைய எடுத்தது நாந்தான்னு எல்லாருக்கும் சொல்லு."

"இப்ப எதுக்கு மாமா?"

"சொல்லு கண்ணு. அண்ணன் இருந்தா அவரே சொல்லுவாரு. கை வலிக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொன்னாரு."

சொன்னாள். அல்வாத் தட்டோடு வந்த நஸ்ரீன் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அங்கிள்... நீங்களா?"

தட்டை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துச் சுவரோரம் கூட்டிப்போனாள். உங்கள் கூடத்தில் இருந்த அந்தக் கறுப்புத் தாள் அங்கே தொங்கியது. அவள் சொன்னதை ஒவ்வொன்றாகச் சத்யா தமிழில் சொன்னாள். சத்யாவின் குரல் போகப் போக இறங்கியது.

"இது மை கொட்டினது இல்ல மாமா. எழுத்துப் பழகறவங்க ஒரே தாள்ல மேல மேல எழுதுவாங்களாம், வெள்ளை தீர்ற வரைக்கும். முதல்ல பயிற்சிக்குத்தானாம். அப்புறம் அதுவே ஒரு கலையாயிடுச்சாம். பெரிய பெரிய எழுத்துக்காரங்க எழுதினது மியூசியத்துல இருக்காம்."

நான் தாளுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

"அவங்க பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம். உங்களை மாதிரி. மூத்த பொண்ணுதான் ஸ்கூல்ல இருந்து வந்து, அப்பா பட்டறைக்குப் போனப்புறம் அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்துச்சாம். வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாதுன்னு, தாள் இல்லாம, சாப்பாட்டுத் துணியோட மூலையை மடிச்சு உள்ளுக்குள்ள எழுதுனாங்களாம். ஒருநாள் அவர் பாத்துட்டாராம். திட்டுவார்னு நெனச்சாங்களாம். அவர் அந்தத் துணியை எடுத்துவச்சுட்டு வேற துணி கொண்டுவந்து குடுத்தாராம். அதுல இருந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் இதை விரிப்பாங்களாம். அந்த மூலையில தண்ணி பட்டதே இல்லையாம்."

அந்தப் புதன்கிழமை நீங்கள் என் கட்டைவிரலைத் தொட்டது அதற்குத்தான். என் அம்மாவும் உன்னைப் போலத்தான் இருந்தாள், இதோ பார், இப்படித்தான் விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கற்றாள் என்று சொன்னீர்கள். உங்கள் வீட்டில் இருந்த ஆக உயர்ந்த பொருளை எனக்குக் காட்டினீர்கள். நான் அதை எலுமிச்சம்பழத்தால் எடுத்தேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

நஸ்ரீன் அழுதுகொண்டே சிரித்தாள். "அப்பாவுக்கு அது வராது அங்கிள். நீங்க ஆசையாச் செஞ்சு எடுத்துட்டு வந்து நிக்கறீங்க. உங்க முகத்துக்கு நேரா எப்படிச் சொல்வார்? எங்காளுங்க செத்தாலும் சொல்ல மாட்டாங்க. எங்ககிட்ட, நான்தான் தெரியாம வாஷிங் மெஷின்ல போட்டுட்டேன்னு சொன்னார்."

அதோடு நிற்கவில்லை. அதையேதான் உங்கள் அக்காவிடமும் சொன்னீர்களாம். அம்மாவுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அதே அக்காவிடம். அன்றிலிருந்து அவர் உங்களோடு பேசவில்லையாம். காது கேட்காமல் இல்லை. ஃபோனை வாங்க மறுத்திருக்கிறார். நான் தட்டை நகர்த்திக்கொண்டிருந்த அந்த நான்கு புதுவருஷமும், நீங்கள் என் எதிரில் உட்கார்ந்து அந்த மறுப்பைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தீர்கள்.

கோபப்பட்டேன் அண்ணா, மறைக்க என்ன இருக்கிறது. ஒரே ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கலாம். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என் தலையில் ஒரு மாதுளையை எறிந்திருக்கலாம். காலில் விழுந்து கேட்டிருப்பேன். உங்கள் மரியாதை எனக்கு மன்னிப்புக் கேட்கும் இடத்தைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

அக்காவிடம் நான் சொல்லவேண்டும் என்றேன். நஸ்ரீன் ஒத்துக்கொள்ளவில்லை. "அத்தைக்கு எண்பத்தெட்டு. அப்பாவே போயாச்சு. விட்டுடுங்க அங்கிள்." பங்குனியில் கேட்டேன், ஆடியில் கேட்டேன். பார்க்கும்போதெல்லாம் கேட்டேன். "அண்ணன் மேல கெடக்கற கறை என்னோடது கண்ணு. அதையாவது நான் எடுக்கோணும்" என்றேன். போன சனிக்கிழமைதான் மனமிரங்கினாள்.

நெட் வருவதும் போவதுமாக இருந்தது. கடைசியில் திரையில் உங்கள் அக்கா வந்தார். பூப்போட்ட வெள்ளைத் துணி தலையில். உங்கள் மூக்கு, உங்கள் புருவம். நான் எழுந்து நின்று கட்டைவிரலைக் காட்டினேன்.

"உங்க தம்பி இல்லீங்கம்மா. நான்தாங்க கழுவுனேன். எழுத்துன்னு தெரியாமப் பண்ணிட்டேனுங்க."

நஸ்ரீன் சொன்னாள். உங்கள் அக்கா திரைக்குக் கிட்ட வந்து என் விரலைப் பார்த்தார். அப்புறம் ஒன்று கேட்டார்.

"எதால எடுத்தீங்கன்னு கேக்கறாங்க மாமா" என்றாள் சத்யா.

"எலுமிச்சங்காயும் கல்லுப்புங்க. வெயில்ல."

அச்சுக்காரர் மகள் மெதுவாகத் தலையாட்டினார். இரும்பு மைக்கு வேறு வழி இல்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது. பிறகு நெஞ்சில் கை வைத்து, அதே வாக்கியத்தைச் சொன்னார். உங்கள் கை வலிக்காமல் இருக்கட்டும்.

அந்த வாக்கியத்துக்குள் என்னென்ன அடங்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். அதனால் அவர் மன்னித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதன்பின் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீளமாக ஏதோ சொல்லி அழுதார். அதில் உங்கள் பெயர் இரண்டு மூன்று தரம் வந்தது. நஸ்ரீன் அதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை. வாங்காமல் விட்ட ஃபோன்களை அவர் எண்ணிக்கொண்டிருந்தார். உங்கள் மேலிருந்து எடுத்ததை நான் கொண்டுபோய் அவர் மேல் வைத்துவிட்டேன். இதற்குப் பயந்துதான் நீங்கள் வாயைத் திறக்கவில்லையோ என்னவோ. எது சரி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வைப்பதற்கு முன்னால், அந்த மூலையில் என்னதான் எழுதியிருந்தது என்று கேட்டேன். எடுத்தவன் எதை எடுத்தான் என்றாவது தெரிந்துகொள்ளவேண்டுமே.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரலை மடக்கித் தன்னையே காட்டினார்.

ஒரே பெயர்தானாம். உங்கள் அம்மா தன் பெயரை எழுதப் பழகவில்லை. சொல்லிக்கொடுத்த மகளின் பெயரைத்தான் முதலில் கேட்டு வாங்கி, வெள்ளை தீரும்வரை மேலே மேலே எழுதியிருக்கிறார்.

அந்தத் துணியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்ட உங்கள் வீட்டார் ஒவ்வொருவராகப் போய், கடைசியில் நீங்களும் போய்விட்டீர்கள். இன்று உயிரோடு இருப்பது அவர் ஒருவர்தான். எழுத எனக்கு வராது அண்ணா. சொல்ல வரும். தினமும் காலையில் வேலியோரம், உங்கள் மரத்தடியில் நின்று, உங்கள் அக்காவின் பெயரை வாய்விட்டு ஒரு தரம் சொல்கிறேன்.

மஹீன்.